வேர் வாடல்ல போன தோப்பு: எட்டு ரகம் காட்டறாங்க, எதை வைக்கறது?

தோப்புக்காரன்:
மீனாட்சிபுரம் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. கேரளா வேர் வாடல் நோயில பாதி மரத்தை வெட்டியாச்சுங்க. நர்சரியில நாட்டு நெட்டை, சௌகாட் ஆரஞ்சு, சௌகாட் பச்சை, மலேயன் பச்சை, கல்பரக்ஷா, கல்பசங்கரா, நெட்டை குட்டை, குட்டை நெட்டைன்னு (ரெண்டையும் கலந்த ஒட்டு) எட்டு சொல்றாங்க. கூடவே ஊடுபயிர் கோகோவா, ஜாதிக்காயான்னு கேக்கறாங்க. இதுல நல்ல ரகம் எதுங்க?

வாய்க்கால்மேடு:
அந்த எட்டுல பாதி வெறும் பேருங்க. கல்பரக்ஷாவே மலேயன் பச்சையிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். ரகத்தை அப்புறம் பாருங்க. காயை யாருக்கு விக்கப் போறீங்க? கொப்பரைன்னா குட்டை எல்லாமே கழிஞ்சுது. அதோட பருப்பு தோல் மாதிரி இழுக்கும், விலை நிக்காது. இளநீர்னா நாட்டு நெட்டை காய்க்க 5-7 வருசம் ஆகும், குட்டை 3-4 வருசத்துல பாளை விடும்.

அடுத்தது, பக்கத்துத் தோப்புல நோய் மரம் நிக்குதா? இது பைட்டோபிளாஸ்மாங்கற, பாக்டீரியா மாதிரியான நுண்ணுயிரியால வர்ற நோய். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும்தான் பரப்புது, மண்ணு இல்ல. அதனால பழைய குழியிலேயே வைக்கலாம். ஆனா நோய் மரம் சுத்தி நின்னா திரும்ப வரும், குணமாக்க மருந்து கிடையாது. அந்த இடத்துல தாக்குப்பிடிக்கறதுன்னா பச்சைக் குட்டை வழியில வந்ததுதான். இளநீருக்குக் கல்பரக்ஷா, கொப்பரைக்குக் கல்பசங்கரா (சௌகாட் பச்சைக் குட்டையோட மேற்குக் கடற்கரை நெட்டை சேர்ந்தது). எட்டு ரெண்டாச்சு.

ஆழியாத்து ஆளு:
ரகத்தைவிட இடைவெளியில கவனமா இருங்க. குழி போட்டபிறகு முப்பது வருசத்துக்கு மாத்த முடியாது. 25 அடிக்கு 25 அடின்னா ஏக்கருக்கு 70 மரம். குட்டைக்கு 22 அடி போதும், 90 வரும். மாசி முதல் வைகாசி வரை சொட்டுநீர்ல மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர்னா 90 மரத்துக்கு 5,850 லிட்டர். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) தண்ணி வராத மாசத்துல உங்க போர்வெல் அதைத் தருமா? தராதுன்னா 90 மரங்கறது காகிதத்துல மட்டுந்தான்.

கோகோ, ஜாதிக்காயை இப்ப யோசிக்கவே வேண்டாம். ஏழாவது வருசத்துக்கு மேல இருபது வரைக்கும் நிழல் அடைச்சுக்கும், தீவனப் புல்லு போடலாம். மத்ததெல்லாம் அதுக்கப்புறம். அது எப்ப வேணா மாத்திக்கற சமாச்சாரம்.

தோப்புக்காரன்:
பாதி இளநீர், பாதி கொப்பரைன்னு வெச்சா ரெண்டு பக்கமும் வழி இருக்குமில்லீங்க?

வாய்க்கால்மேடு:
தனித்தனி பாத்தியா பிரிச்சா சரி. ஒரே வரிசையில கலந்தா ரெண்டும் கெடும். இளநீருக்கு ஏழு மாசக் காய், கொப்பரைக்கு 11-12 மாசம். வெட்டற ஆளு, முறை, வியாபாரி எல்லாமே வேற. விலை ஏறும்போது மாறிக்கலாம்னு நினைப்பீங்க, ஆனா இளநீருக்கு இறக்கின குலையில கொப்பரை எங்கிருந்து வரும்?

நாத்துமேடை:
ஒட்டு ரகத் தோப்புல விழுந்த காயை முளைக்க விட்டு "நெட்டை குட்டை"ன்னு விக்கறவங்க இருக்காங்க. அடுத்த தலைமுறையில குணம் சிதறிடும், அது ரகமே இல்ல. ஆரஞ்சுக் குட்டையைத் தாயா வெச்ச ஒட்டுன்னு சொன்னா மட்டையைப் பாருங்க. பழுப்பு கலந்திருந்தா ஒட்டு, சுத்த ஆரஞ்சுன்னா வெறும் குட்டை. எந்த நாத்தா இருந்தாலும் வயசு 9-12 மாசம், அடித்தண்டு சுத்தளவு 10 செ.மீ., ஓலை குறைஞ்சது ஆறு இருக்கணும்.

கல்பரக்ஷா, கல்பசங்கராவுக்குக் கேரளாவுல இருக்கற காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க. நினைச்சதும் கிடைக்காது, முன்கூட்டியே பதிஞ்சு வைக்கணும். அதுவரைக்கும் நிக்கற மரத்துல வருசத்துக்குப் பத்து காய்கூடத் தராததை வேரோட எடுங்க. மத்த மரம் ஒவ்வொண்ணுக்கும் வழக்கமான உரத்தோட அரை கிலோ மக்னீசியம் சல்பேட்டும் போடுங்க.