நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள்

யாங்கூனிலிருந்து:
அம்மாவுக்கு 78 வயது. போன வருடம் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து இரண்டு தடவை கருகிவிட்டது, அப்புறம் என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். டாக்டரிடம் கூட்டிப்போனோம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரைந்து காட்டுங்கள் என்று கேட்டது எல்லாம் பர்மியத்தில். அம்மா பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர், அவருக்குத் தெரிந்த பர்மியம் சந்தையில் காய் வாங்கப் போதும், அவ்வளவுதான். என்ன மாதம் என்றதற்கு ஆடி என்றார். ஆடியேதான்! அதற்கும் மார்க் இல்லை. 30க்கு 11 என்று போட்டு அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

மனசு கேட்காமல் இன்னொருவரிடம் போனோம். அவர் முதலில் பி12 வைட்டமின், தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார், இந்த இரண்டு குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய வழி உண்டு என்றார். பி12 அடிமட்டத்தில் இருந்தது. சர்க்கரைக்கு 15 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், நாள்பட அது பி12-ஐக் குறைக்குமாம், இதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. ஊசி போட்டு நாலு மாதத்தில் சோறு கருகுவது நின்றது. சித்தி பெயர் மட்டும் இன்னும் எப்போதாவது வருகிறது, அதனால் முழுக்க நிம்மதி என்று சொல்ல மாட்டேன்.

மோல்மேனிலிருந்து:
ரத்தத்திலேயே அல்சைமர் தெரியும் என்கிறார்களே, நிஜமா?

யாங்கூனிலிருந்து:
நிஜம்தான். 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒரு பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள். மூளையில் சேரும் அமிலாய்டு, டௌ என்ற இரண்டு புரதங்களின் தடயத்தை ரத்தத்தில் அளக்கிறார்கள். முன்பு இதற்கு மூளையைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். ஆனால் 55 வயது தாண்டி, ஏற்கெனவே மறதி தெரிகிறவர்களுக்குத்தான் இது. சிறுநீரகம் கெட்டிருந்தாலும் டௌ அளவு ஏறிக் காட்டும். பர்மியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

பெகுவிலிருந்து:
எங்கள் அப்பாவுக்கு 84, அவருக்கு அல்சைமர்தான், சந்தேகமே இல்லை, ஸ்கேனில் ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறது. புதிய நினைவைப் பதிகிற இடம் அது, நோய் முதலில் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று, அதனால் காலையில் தின்ற மொஹிங்கா நூடுல்ஸ் மத்தியானம் நினைவில் இல்லை. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே அமிலாய்டு படிய ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது எண்ணிப் பார்த்தேன், அப்பா அப்போது கல்லாவில் உட்கார்ந்து பைசா பிசகாமல் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார்.

பழசு மட்டும் அப்படியே நிற்கிறது. 1964 மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மாவின் நே வின் ராணுவ அரசு அறிவித்தது அல்லவா, அப்பாவுக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது. இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கேட்கிறார், "நூறு நோட்டையெல்லாம் மாத்திட்டியாப்பா?" முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன், அழுதுவிட்டார். இப்போதெல்லாம் மாத்திட்டேன்ப்பா என்கிறேன், தூங்கப் போய்விடுகிறார்.