தட்டுவடை செட் பார்சல்: எண்ணெய் கசியாத தாளை நம்பலாமா?

அம்மாப்பேட்டை செல்வி:
சேலம் அம்மாப்பேட்டையில் மாலை நேரத் தட்டுவடைக் கடை வைத்திருக்கிறேன். காரச் சட்னி, புதினாச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, எலுமிச்சை பிழிந்து தருகிறோம். நின்று சாப்பிடுபவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. பார்சலுக்குத்தான் வழி தெரியவில்லை. செய்தித்தாளை என் கடைக்குள் விடுவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும் வெள்ளைத் தாளில் சொட்டு எண்ணெய் கசிவதில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எதைப் பூசியிருக்கிறார்கள் என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் அக்கா" என்கிறார் கடைக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்கிற பண்டம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஏற்காடு அடிவாரம்:
வாழையிலைத் துண்டு இருக்க, தாள் எதற்கு அக்கா?

அம்மாப்பேட்டை செல்வி:
இலையைத்தான் நானும் விரும்புகிறேன் தம்பி. ஆனால் தட்டுவடையின் விளிம்பு இலையைக் கிழித்துவிடுகிறது. பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் மடியெல்லாம் சட்னி.

பழைய ஆய்வகக்காரன்:
சகோதரி, உங்கள் சந்தேகம் நியாயமானது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகள் 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. செய்தித்தாளில் உணவைச் சுற்றவோ வைக்கவோ கூடாது. அச்சிட்ட பக்கம் உணவில் படவும் கூடாது. உணவைத் தொடும் பொருளுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றை உணவு வணிகர்தான் பெற்று வைத்திருக்க வேண்டும். தாளைச் செய்தவரை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிக்காரரிடம் சான்று கேட்பது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் மொத்தக் கடைக்காரரிடம் நகல் கேட்க இதுவே உங்களுக்குப் பிடிமானம்.

பிளாஸ்டிக் பூச்சு என்றால், அதிலிருந்து ஒரு கிலோ உணவுக்குள் 60 மில்லிகிராமுக்கு மேல் பெயரக் கூடாது. சோதனையில் உணவுக்குப் பதிலாக, புளிப்புக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலமும் எண்ணெய்ப் பண்டத்துக்கு ஹெப்டேன் என்ற கரைப்பானும் ஊற்றுவார்கள். எலுமிச்சையும் எண்ணெயும் சேர்ந்த உங்கள் செட்டுக்கு இரண்டுமே தேவை. வெறும் தண்ணீரில் மட்டும் சோதித்த சான்றைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த 60 என்பது மொத்த எடை. பெயர்ந்தது எது என்று அது காட்டாது. எண்ணெய் புகாமலிருக்கச் சில தாள்களில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைச் சேர்ப்பார்கள். அவை மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதைவதில்லை. உணவுத் தாள்களுக்கு இவற்றைப் பூசும் பொருள்கள் அமெரிக்காவில் இனி விற்கப்படுவதில்லை என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. நம் 2018 விதிகளின் வரம்புப் பட்டியலில் பேரியம், ஆன்டிமனி போன்ற தனிமங்களுக்குக்கூட அளவு உண்டு, ஃபுளோரினுக்கு இல்லை. ஆகவே, ஃபுளோரின் சேர்க்கவில்லை என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

ஏற்காடு அடிவாரம்:
அதுவரை உள்ளே இரண்டு மடிப்பு வாழையிலை, வெளியே அச்சில்லாத பழுப்புத் தாள். இலையைத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாது அக்கா.

அம்மாப்பேட்டை செல்வி:
வாட்டிப் பார்க்கிறேன் தம்பி. ஐயா, நான் ஒருத்தி கேட்டால் அவர் அசைய மாட்டார். எங்கள் தெருவில் தட்டுவடை போடுகிற எல்லாரும் அவரிடமே வாங்குகிறோம். சேர்ந்து போய்க் கேட்கப் போகிறோம். நகல் கிடைத்தால் இங்கே படம் போடுகிறேன். எந்தத் திரவத்தில் சோதித்தார்கள் என்று படித்துச் சொல்லுங்கள்.