இணைய ஏடுகள் மறுப்பு வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாமா?

நெடுங்கணக்கு:
செய்தியில் தவறாகச் சொல்லப்பட்டவர் அனுப்பும் மறுப்பை இணைய ஏடும் போட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அச்சுத்தாள் மறுநாளே பழசாகிவிடும். இணையத்தில் பத்து வருடம் கழித்துத் தேடினாலும் அதே தலைப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. மனித உரிமைக்கான நாடுகளின் அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) இதை 2004-லேயே பரிந்துரைத்துவிட்டது.

மைக்கூடு:
கடுமையாக மறுக்கிறேன். தன்னைத் தாக்கி எழுதிய நாளிதழில் தேர்தல் வேட்பாளர் இலவசமாகப் பதில் போடலாம் என்று ஃபுளோரிடாவில் 1913-ல் சட்டம் வந்தது. 1974-ல் மயாமி ஹெரால்ட் நாளிதழின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைச் செல்லாதென்றது. வம்பு எதற்கு என்று ஆசிரியர் விமர்சனத்தையே கைவிட்டுவிடுவார். எதைப் போடுவது, எதை விடுவது என்பதும் அவர் உரிமை என்றது தீர்ப்பு.

நெடுங்கணக்கு:
அதே தீர்ப்பு தாளில் இடம், அச்சுச் செலவு என்றும் காரணம் சொன்னதே? இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியில் தகவலுக்குத்தான் மறுப்பு, கருத்துக்குக் கிடையாது. “அவர் திறமையற்ற நிர்வாகி” என்பது கருத்து, அதற்குப் பதில் கேட்க முடியாது. “அவர் கூட்டத்துக்கு வரவில்லை” என்பது தகவல். “கூட்டம் முடியும்வரை இருந்தேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். செய்தி தளத்தில் இருக்கும்வரை மறுப்பும் அதனுடன் நேரடியாக இணைந்தே இருக்க வேண்டும். செய்தியை நீக்கினாலும், அது எவ்வளவு காலம் இருந்ததோ அவ்வளவு காலம் மறுப்பு நிற்கும்.

மைக்கூடு:
அந்த மறுப்பு உண்மையா என்று யார் சோதிக்கிறார்கள்? அப்பட்டமான பொய்யைத்தான் தள்ள முடியும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய செய்தியின் கீழேயும் “நான் இருந்தேன்” என்பதைச் சொல் மாற்றாமல் போட வேண்டும். போலந்தில் மேயரின் மறுப்பைப் போடாத ஆசிரியருக்குக் குற்றவியல் தண்டனை, கூடவே 2 வருடம் பத்திரிகைத் தொழிலுக்குத் தடை. கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்ல 2012 ஆயிற்று.

ஓரக்குறிப்பு:
பிரான்சின் 2004 சட்டத்தையும் அதை நடைமுறைப்படுத்தும் 2007 ஆணையையும் பாருங்கள். செய்தி வந்த 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும். நீளம் மூலச் செய்தியைத் தாண்டக்கூடாது, உச்சவரம்பு 200 வரி. வாசகரே நேரடியாகப் பதில் எழுத வழியுள்ள இடங்களுக்கு விலக்கு. இடிப்பது ஒன்றுதான்: ஏடு 3 நாளில் வெளியிட வேண்டும். ஒருவரே நடத்தும் தளத்தால் அதற்குள் ஆவணத்தைச் சரிபார்க்கவோ வழக்கறிஞரைக் கேட்கவோ முடியாது, பயந்து போட்டுவிடுவார்.

நெடுங்கணக்கு:
நியாயம். 10 நாள் கொடுக்கலாம், சிறைப் பேச்சே வேண்டாம். ஆனால் மறுப்பைத் தனிப் பக்கத்தில் போட்டுக் கடைசியில் சுட்டி கொடுப்பதை ஏற்க மாட்டேன். தேடி வருபவர் முதல் பத்தியோடு போய்விடுவார். தலைப்புக்கு அடியில் ஒரு வரியாவது வேண்டும்.

மைக்கூடு:
அந்த வரியின் வாசகத்தை ஆசிரியர் எழுதுவதாக இருந்தால், தன் ஆவணத்தையும் பக்கத்திலேயே வைக்க விட்டால், மேற்கொண்டு பேசலாம். சட்டமாக அல்ல, ஏடுகள் தாமே ஏற்கும் நெறியாக.