வண்டியில் வெப்பநிலை பதியும் லாகரில் 4 டிகிரி காட்டுகிறது, கடையில் மாவு பாக்கெட் உப்புகிறது. தவறு எங்கே?

திண்டுக்கல் மாவு:
வணக்கம். திண்டுக்கல்லில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறோம். தினமும் 400 கிலோ, எல்லாம் ஒரு கிலோ பாக்கெட். இரவு 8 மணிக்குள் பாக்கெட் போட்டுக் குளிர் அறையில் அடுக்கிவிடுவோம். அதிகாலை மூன்றரைக்குக் குளிர்சாதன வண்டியில் ஏற்றி, ஒட்டன்சத்திரம், பழனி வரை கடைகளுக்குக் கொடுக்கிறோம்.

வெயில் ஏறியதிலிருந்து தினமும் 15, 20 பாக்கெட் திரும்பி வருகிறது. நேற்று ஒரு கடைக்காரர் பாக்கெட்டைக் கையிலேயே கொடுத்தார். தலையணை மாதிரி உப்பி, ஓரத்து சீல் பிரிந்து, மாவு நூலாகக் கசிந்திருந்தது. வாங்கிக்கொண்டு வருவதற்குள் மனசே விட்டுப்போனது.

போன மாதம்தான் வண்டிக்கு யுஎஸ்பி டேட்டா லாகர் வாங்கினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிறது. வண்டி ஓடுகிற நேரம் முழுக்க 3.8 முதல் 4.6 வரைதான். நடுவில் மட்டும் 9 டிகிரி வரை ஏறி இறங்குகிறது. அதுவும் இரவு 11:40க்கும் 12:25க்கும். அந்த நேரத்தில் வண்டி எங்கள் கேட்டுக்குள் நிற்கிறது, சரக்கே ஏற்றியிருக்க மாட்டோம். லாகர் பொய் சொல்கிறதா? வேறு வாங்க வேண்டுமா?

ரீஃபர் (குளிர்சாதன வண்டி) மெக்கானிக், ஓசூர்:
புதுசு வாங்காதீங்க அக்கா. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். லாகரை வண்டிக்குள் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? அறிக்கை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? முதல் கடையில் கதவைத் திறப்பது எத்தனை மணிக்கு?

திண்டுக்கல் மாவு:
முன்பக்கம் காற்று வருகிற ப்ளோயர் கிரில்லில் டை போட்டுக் கட்டியிருக்கிறோம். டிரைவர் மூன்றரைக்குத்தான் பட்டனை அமுக்குகிறார், ஆனால் அறிக்கை இரவு 10 மணி என்று தொடங்குகிறது. முதல் கடை 5:10க்கு.

ரீஃபர் மெக்கானிக், ஓசூர்:
அப்படியானால் லாகர் பொய் சொல்லவில்லை, நேரக் கணக்குதான் வேறு. லாகரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். 10 மணியோடு ஐந்தரையைக் கூட்டினால் மூன்றரை வருகிறது. 11:40 என்பது 5:10, நீங்கள் முதல் கடையில் கதவைத் திறந்த நேரம். 12:25 என்பது 5:55, அடுத்த இறக்கம். கணினியில் செருகி நேர மண்டலத்தை மாற்றிவிடுங்கள்.

பெரிய தவறு மாட்டிய இடத்தில் இருக்கிறது. ப்ளோயர் வாயில் கட்டினால் அது மெஷின் ஊதுகிற காற்றைத்தான் அளக்கும், மாவை அளக்காது. நடுக் கிரேட்டில் இரண்டு பாக்கெட்டுக்கு இடையில் புரோப் தெர்மாமீட்டரை (கம்பி போன்ற முனை உள்ளது) செருகி, அழுத்திப் பிடித்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பாக்கெட்டைக் குத்த வேண்டாம்.

பால் குளிரூட்டும் நிலையம், 26 வருடம்:
அம்மா, அதற்கு முன் மீட்டரை நம்பலாமா என்று பார்த்துவிடுங்கள். ஐஸைத் தூளாக உடைத்து ஒரு பிளாஸ்க் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்புகிற அளவு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஐஸ் மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் வேண்டாம். புரோப் நுனி அடியைத் தொடாமல் நடுவில் நிற்கட்டும். பூஜ்யம் காட்ட வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. லாகரை ஜிப் கவரில் காற்றில்லாமல் போட்டு அதே ஐஸில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். நாங்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்து நோட்டில் எழுதி வைப்போம்.

திண்டுக்கல் மாவு:
இன்று அதிகாலை பார்த்தோம். ஐஸில் தெர்மாமீட்டர் 0.2, லாகர் 0.3. இரண்டும் சரி.

வண்டியில் ஏற்றும்போது வெளி வரிசைக் கிரேட்டில் 6 டிகிரி. நடுக் கிரேட்டில் 17! பழனியில் இறக்கும்போதும் அதே நடுக் கிரேட் 16. என் வீட்டுக்காரர் நம்பாமல் மூன்று தடவை செருகிப் பார்த்தார்.

உணவுத் தொழில்நுட்பம், கோவை:
இதுதான் விஷயம். வண்டி மெஷின் குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கத்தான். சூடான சரக்கைக் குளிர வைக்கிற வேலை குளிர் அறையுடையது. அங்கே பாக்கெட் போடும்போது மாவு என்ன சூடு?

திண்டுக்கல் மாவு:
26. இருபது பாக்கெட் வீதம் கிரேட்டில் போட்டு, ஐந்து கிரேட் உயரம், சுவரோடு ஒட்டி நெருக்கமாக அடுக்குகிறோம்.

உணவுத் தொழில்நுட்பம், கோவை:
400 கிலோ மாவை 26லிருந்து 5 டிகிரிக்கு இறக்க, சுமார் ஏழரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஏழரை மணி நேரத்தில் உங்கள் அறையால் அது முடியும். ஆனால் குளிர்காற்று நடுவில் போக வழியே இல்லையே. மாவு கெட்டியாக இருப்பதால் உள்ளுக்குள் சுற்றாது, வெளிப்பக்கம் மட்டும் சீக்கிரம் குளிரும். நடுவில் 17 டிகிரியில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தவே இல்லை. வாயு வருகிறது, பாக்கெட் உப்புகிறது. உணவுப் பாதுகாப்பு விதிப்படியும் குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

ஓட்டை உள்ள கிரேட்டாக மாற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வரிசைக்கு வரிசை நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பாக்கெட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் ஐஸ் சேர்த்தால், கிரைண்டர் சூட்டில் மாவு ஏறுவதே குறையும். எல்லாவற்றையும் விட இது பெரிய உதவி.

ரீஃபர் மெக்கானிக், ஓசூர்:
வண்டியிலும் ஒன்று. ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே மெஷினைப் போட்டுக் காலிப் பெட்டியைக் குளிர வையுங்கள். லாகருக்கு வெளிப் புரோப் இருந்தால், அதை ஒரு டம்மி பாக்கெட்டுக்குள் வைத்து சீல் செய்து நடுக் கிரேட்டில் போடுங்கள். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அலாரம் அடிக்காது, சரக்கு உண்மையில் சூடானால்தான் அடிக்கும்.

திண்டுக்கல் மாவு:
நான்கு நாள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஐஸ் போட்டு அரைத்ததில் பாக்கெட் போடும்போதே 18. இடைவெளி விட்டு அடுக்கியதில் மூன்றரை மணிக்கு நடுக் கிரேட் 7, நேற்று 6. திரும்பி வந்தது நேற்று இரண்டே பாக்கெட். இன்னும் 5 ஆகவில்லை. பாக்கெட் போடுவதை ஒரு மணி நேரம் முன்னால் இழுக்கப் பார்க்கிறோம். எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: டம்மி பாக்கெட்டில் மாவே போடலாமா?

பால் குளிரூட்டும் நிலையம், 26 வருடம்:
வேண்டாம் அம்மா, அதுவும் புளித்து உப்பும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு கிலோ ஊற்றுங்கள், போதும். மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், யாராவது கடையில் இறக்கிவிடப் போகிறார்கள்.