பஸ்டர் கீட்டனின் சுவர் விழும் காட்சி: ஜன்னல் கணக்கு, கேமரா இடம் – உதவி தேவை

கேள்வி – ஒற்றைச்சுருள்

வசனமே இல்லாத குறும்படம் ஒன்றுக்குத் திட்டமிடுகிறோம். வீட்டின் முன்சுவர் மொத்தமாகச் சரிகிறது, திறந்த ஜன்னல் நாயகன் நிற்கும் இடத்தில் வந்து இறங்குகிறது, அவனுக்குக் கீறல்கூட இல்லை. 1928-இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் செய்ததுதான். 1987-இல் 'ப்ராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் ஜாக்கி சான் அதை எடுத்தாண்டார். 1997-இல் பிரிட்டிஷ் கலைஞர் ஸ்டீவ் மெக்வீன் 'டெட்பேன்' என்று ஒரு காட்சிப் படைப்பாகவே ஆக்கினார்.

சோதனையாக எடுத்ததில் முகத்துக்கு ஒரு க்ளோசப், சரியும் சுவர் பக்கவாட்டில், கடைசியில் ஒரு வைட் ஷாட் என்று வைத்தோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜன்னலை எந்த உயரத்தில் வைப்பது? கேமராவை எங்கே நிறுத்துவது?

பதில் – கீல்

முதலில் ஜன்னல். சுவரின் அடிப்பகுதி கீலில் சுழல்கிறது என்றால், தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் உள்ள புள்ளி, விழுந்த பிறகு அடியிலிருந்து 4 மீட்டர் தள்ளிக் கிடக்கும். இதை மட்டும் வைத்து ஜன்னலை வெட்டினால் மேல்சட்டம் தலையில் இடிக்கும். ஆளுக்கு உயரம் உண்டு. சுவர் முதலில் தலையைக் கடந்த பிறகுதான் காலுக்கு வருகிறது.

ஆள் 1.65 மீட்டர், நிற்கும் இடம் 4 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-இன் வர்க்கத்தையும் 1.65-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4.33 வரும். தலையைக் கடக்கும்போது சுவரில் 4.33 மீட்டர் உயரத்தில் உள்ள இடமும், காலுக்கு வரும்போது 4 மீட்டர் உயரத்தில் உள்ள இடமும் திறந்திருக்க வேண்டும். அந்த 33 செ.மீ. வெறும் கோட்டுக்கான கணக்கு. உடம்பின் பருமனையும் இருபுறமும் விட வேண்டிய இடைவெளியையும் அதற்கு மேல் சேருங்கள். ஆள் 2 மீட்டரில் நின்றால் இந்த வித்தியாசம் 59 செ.மீ., 6 மீட்டரில் நின்றால் 22 செ.மீ. மட்டுமே. ஜன்னல் மேலே போகப் போகத் திறப்பைச் சின்னதாக வைக்கலாம். கீட்டன் படத்தில் அது மாடி ஜன்னல் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் கீல் நகராத வரைக்கும்தான். அடிப்பகுதி வழுக்கினாலோ, ஒரு பக்கம் முந்தி விழுந்தாலோ, காற்று சுவரை முறுக்கினாலோ ஜன்னல் வேறு இடத்தில் இறங்கும். கீட்டன் சுமார் இரண்டு டன் எடையுள்ள சுவரின் கீழ் சில அங்குல இடைவெளியில் நின்றார் என்பார்கள். அதை நீங்கள் செய்யக்கூடாது. நிஜ எடையுள்ள சுவரின் கீழ் ஆளை நிறுத்தவே வேண்டாம்.

பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டை மாதிரி செய்து பாருங்கள். சின்ன மாதிரி சட்டென்று விழுந்துவிடும், எடை தெரியாது. நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற வழக்கமான வேகத்தை 10-இன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். நொடிக்கு ஏறக்குறைய 76 ஃப்ரேம் எடுத்து 24-இல் ஓட்டினால் பெரிய சுவரின் வேகம் கிடைக்கும்.

பதில் – முழுஉருவம்

சிரிப்பு வராததற்குக் காரணம் உங்கள் கட். ஆள் ஒரு ஷாட், சுவர் ஒரு ஷாட் என்று பிரித்த உடனே, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன என்பதை யாரும் நம்பத் தேவையில்லை. இன்றுவரை சினிமாவுக்குக் கீட்டன் விட்டுப்போனவற்றில் பெரியதாக நான் நினைப்பது இதைத்தான்: ஆபத்தும் ஆளும் ஒரே ஃப்ரேமில், தலை முதல் கால் வரை, வெட்டாமல்.

கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே வையுங்கள். முழு முகப்பும் ஃப்ரேமுக்குள் வரட்டும். ஆள் சின்னதாகத் தெரிந்தால் பரவாயில்லை, ஜன்னல் மட்டும் முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும். கேமராவைத் தூரத்தில் வைத்து நீள லென்ஸில் கிட்டே இழுத்து எடுத்தால் ஆளுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் நசுங்கிப்போய், அவன் எங்கே நிற்கிறான் என்பதே புரியாது. சுவர் விழுந்ததும் வெட்டிவிடாதீர்கள். தூசி அடங்கட்டும், அவன் திரும்பிப் பார்க்கட்டும். க்ளோசப் வேண்டுமென்றால் எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள்.

சுவர் விழக் காரணம் முன்பே பதிந்திருக்க வேண்டும். அந்தப் படத்தில் அதற்குப் புயல் இருக்கிறது. நாயகனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. நடிகர் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டாலும் காட்சி போய்விடும்.

'டெட்பேன்' சுவர் விழுவதைப் பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அங்கே அந்தத் திரும்பத் திரும்ப வருதல்தான் விஷயம். உங்களுக்கு ஒரு முறை போதும்.

பதில் – இரட்டைப்பதிவு

முழுஉருவம் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. வெட்டாத ஷாட்டின் ஆள் என்று மட்டும் கீட்டனைப் பார்த்தால் இன்னொரு பக்கம் விட்டுப்போகும். 1921-இல் 'தி ப்ளேஹவுஸ்' படத்தில் ஒரே ஃப்ரேமில் ஒன்பது கீட்டன்கள் வருகிறார்கள். லென்ஸின் ஒரு பகுதியைத் தவிர மற்றதை மறைத்து, எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மறுபடி எடுத்தார்கள். கைப்பிடி சுற்றி ஓடிய கேமரா அது. ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சுற்றிய ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லிக்குப் பாதிப் பெருமை சேரும்.

1924-இன் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் பின்னணி மட்டும் மாறிக்கொண்டே இருக்க, ஆள் அதே இடத்தில் இருக்கிறார். நில அளவைக் கருவி வைத்து கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். தந்திரமும் நேர்மையான ஃப்ரேமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே இரண்டு பதிவாக எடுங்கள்: ஒன்றில் ஆள், மற்றதில் ஆளில்லாமல் விழும் சுவர். ட்ரைபாடைத் தொடவே கூடாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். மேகமூட்டமான நேரமாகப் பாருங்கள். வெயிலில் சுவரின் நிழல் ஆள்மேல் விழ வேண்டிய கணத்தில் விழாமல் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். சுவர் தரையைத் தொடும் ஃப்ரேமில் அவன் சட்டையும் முடியும் காற்றில் அசைய வேண்டும், அதற்கு ஒரு ப்ளோயர் போதும்.

பிறகு எடிட்டிங்கில் இரண்டு பதிவையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் சொதப்புவது அந்த அடுக்கு வரிசையில். தொடக்கத்தில் ஆள் சுவருக்கு முன்னால் இருக்கிறான். சுவர் கேமராவை நோக்கிச் சாயும்போது ஜன்னலுக்கு மேலுள்ள பகுதி அவனுக்கு முன்னால் வந்து, சில ஃப்ரேம்கள் அவனை மறைக்கும். அந்த ஃப்ரேம்களில் சுவரின் மேல்பகுதியைத் தனியாக வெட்டி ஆளுக்கு மேல் அடுக்காக வையுங்கள். ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்புதான் எல்லை.