திருச்சியில் வாடகை வீடு தேடிய கதை: நீங்களும் சொல்லுங்கள்

வாடகைக்காரி:

சென்னை பம்மலில் பதினொரு வருடம் குடியிருந்துவிட்டு 2025 ஆகஸ்டில் திருச்சிக்கு வந்தோம். நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார். கணவருக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. பம்மலில் வாடகை 16,000 ரூபாய், கோடையில் தண்ணீர் லாரிக்குத் தனி. "திருச்சிதானே, பாதிக் காசுக்கு அரண்மனையே கிடைக்கும்" என்று உறவினர்கள் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். அரண்மனை எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் தரகர் ஒருவர் தில்லைநகருக்கு அழைத்துப்போனார். மருத்துவமனை, துணிக்கடை, டியூஷன் எல்லாம் காலடியில் கிடக்கிற இடம். இரண்டு படுக்கையறை, 18,000. சென்னையை விட்டு வந்ததே வீண் என்று கணவர் என் காதோடு சொன்னார். தரகருக்கும் கேட்டிருக்க வேண்டும், அதன்பிறகு அவர் எங்களுக்குத் தொலைபேசவே இல்லை.

அடுத்தது தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புது நகர். 6,500 ரூபாய்க்குத் தனி வீடு, வாசலில் வேப்பமரம், நல்ல காற்று. பகல் பதினொரு மணிக்குப் பார்த்தோம். எனக்குப் பிடித்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு?" அந்த அம்மாள் சிரித்தார். நெடுஞ்சாலைக்கு நடந்தால் எந்நேரமும் பஸ் உண்டாம், அந்த நடைக்குத்தான் இருபத்தைந்து நிமிடமாம். மாலை டியூஷன் முடிந்து வருகிற பெண் குழந்தையை யார் அழைத்துவருவது? ஆட்டோ வைத்தால் மாதத்துக்கு எவ்வளவு? கணக்கு எழுதுகிறவள் நான். அந்தக் கணக்கைப் போட்டது மாமியார்.

அவருடைய வேறொரு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் கைப்பையில் ஒரு சோப்புத் துண்டு எடுத்துக்கொள்வார். போன வீட்டில் குழாயைத் திறந்து கையைக் கழுவுவார். நுரை வந்தால் பேச்சு தொடரும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது, பிசுபிசுவென்று ஒட்டும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேக அரை மணி கூடுதல் என்பார். காவிரிக் கரையிலேயே இருந்துகொண்டு காவிரித் தண்ணீர் வராத தெருக்கள் இந்த ஊரில் இத்தனை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடைசியில் உறையூர்ப் பக்கம், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு மாடி வீடு அமைந்தது. காலையில் மாநகராட்சித் தண்ணீர், பாதாளச் சாக்கடை, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். 9,500 ரூபாய். அந்த வீடு கைப்பேசியில் வரவில்லை, தரகரும் சொல்லவில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்தான் "மேல்மாடி காலியாகப் போகிறது, போர்டு இன்னும் தொங்கவில்லை" என்று சொன்னார். எந்த வீட்டுக்காரர் நல்லவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார், அதற்குக் காசு வாங்கவில்லை.

ஏமாந்ததும் உண்டு. முழு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு. எங்களுக்கு ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். முதல் இரண்டு மாதத்தில் 340 யூனிட் ஓடியது, 3,060 ரூபாய் கொடுத்தேன். எங்கள் பெயருக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், மீதியும் குறைந்த படியில் வந்து, ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும். மாதத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். ஆக, என் வாடகை 9,500 இல்லை, 10,500. இதை வீடு பார்க்கும் அன்றே கேட்காதது என் தவறு. மாமியார் சோப்பு எடுத்துவந்தார், நான் என் தொழிலை எடுத்துவரவில்லை.

நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள். கணவர் துவாக்குடி போய்வரச் சிரமப்படுகிறார், ஒரு வருடம் கழித்து மாற நேரலாம்.

பொன்மலைப் பேரன்:

துவாக்குடி வேலை என்றால் காட்டூர், திருவெறும்பூர்ப் பக்கம் பாருங்கள் அக்கா. உங்கள் கணவர் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டாம். பெல் நிறுவனத்தை நம்பியே வளர்ந்த இடங்கள், அதனால் வாடகைக்கு என்றே கட்டிய சிறிய வீடுகள் நிறைய. ஆனால் இரு சக்கர வண்டியில் போகிறவர் என்றால் அந்த நெடுஞ்சாலையை ஒருமுறை மாலை ஆறு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை கேட்டு மக்கள் எத்தனை வருடமாகப் போராடினார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அரியமங்கலத்தில் வாடகை சட்டென்று குறையும். காரணம் குப்பைக் கிடங்கு. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை நடந்தது உண்மைதான். இருந்தாலும் ஒரு கோடையில் அங்கே தீப்பிடித்தபோது என் நண்பன் வீட்டில் மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை. வீட்டுக்குப் போகும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

நான் பொன்மலையில் இருக்கிறேன். தாத்தா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிட்டால் மளிகைச் செலவே வேறாகிவிடும். வாடகையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் சொந்த ஊரிலேயே ஏழு வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். எட்டாவது வீட்டுக்காரர் தாத்தாவோடு வேலை பார்த்தவர். "அவன் பேரனா, சாவியை எடுத்துக்கொள்" என்றார். அட்வான்ஸ்கூடக் கேட்கவில்லை.

கோரையாற்றங்கரை:

கருமண்டபத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். 2005 நவம்பரில் கோரையாறு கரை உடைத்து ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். தையல் இயந்திரம், அரிசி மூட்டை, மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், எல்லாம் சேற்றில். உறையூரிலும் எடமலைப்பட்டிபுதூரிலும் அதே கதைதான். அதற்குப் பிறகு கரையை உயர்த்தினார்கள், ஆற்றைத் தூர்வாரினார்கள். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் எங்கள் தெருவில் யாரும் தூங்குவதில்லை.

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மார்ச், ஏப்ரலில் வருகிறார்கள், பள்ளிக்கூடம் மாற்ற வசதியாக. அப்போது தெரு காய்ந்து கிடக்கும். மழை நாளில் வாருங்கள். முடியாவிட்டால் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பூச்சு இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் படிகளை எண்ணுங்கள். எல்லோரும் ஐந்து படி வைத்துக் கட்டியிருக்கும் தெருவில் உங்களுக்குக் காட்டும் வீட்டுக்கு மட்டும் ஒரே படி என்றால் அந்த மலிவு யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

தென்னூர்க்காரன்:

எல்லோரும் தண்ணீர், பஸ், மின்சாரம் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விகள் வரை போகவே மூன்று மாதம் ஆனது.

2023இல் கோவையிலிருந்து மாற்றலாகி வந்தேன். டூலெட் போர்டைப் பார்த்து அழைப்பேன். வாடகை பேசுவோம், என்ன வேலை என்பார்கள், சம்பளம் சொல்வேன், "வாருங்கள் தம்பி, மாலையில் பார்க்கலாம்" என்பார்கள். கடைசியில் பெயர் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம். பிறகு, "அடடா, நேற்றே ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரே." புத்தூரில் அப்படி நேற்றே போன வீட்டின் போர்டு நான்கு மாதம் கழித்தும் தொங்கியது. தினமும் அந்த வழியாகத்தான் அலுவலகம் போனேன். போர்டில் எண் மங்கிப்போய் மறுபடி எழுதியிருந்தார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் நேராகவே சொன்னார்: "எனக்கு ஒன்றும் இல்லை தம்பி, மற்றக் குடித்தனக்காரர்கள் கேட்பார்கள்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே அழைத்து மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது தென்னூரில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்கிற தெருக்கள் குறைவு என்பது அங்கே வீட்டுக்காரர்களுக்கும் தெரியும், நம்மவர்கள்தான், ஆனாலும் தெரியும். இதே அளவு வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி என் நண்பர் தருவதைவிட 1,500 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன். சகோதரி சொன்ன ஒன்பது ரூபாய் யூனிட்டைப் போல இதையும் என் வாடகையில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனைக்கா:

தம்பி, படித்ததும் வெட்கமாக இருந்தது. எங்கள் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்தர வீதிப் பக்கமும் சைவம்தானே, எந்தப் பிரிவு என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வாடகையைச் சொல்வார்கள். நான் திருவானைக்கோவிலில் இருக்கிறேன். ஊரில் இன்னும் திண்ணை பார்க்க வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். மத்தியப் பேருந்து நிலையம், சத்திரம், ஸ்ரீரங்கம் என்று ஒன்றாம் எண் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசிப் பஸ் என்ற கவலையே இல்லை.

ஆனால் தீவு தீவுதான். காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 கடைசியில் மூடி 2023 மார்ச்சில் திறந்தார்கள். அத்தனை மாதமும் புறவழிச்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிச் சுற்றிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். வைகுண்ட ஏகாதசி வாரத்தில் வீட்டை விட்டு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பதினொரு மாதக்காரன்:

அட்வான்ஸ் பற்றி ஒரு வரி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். நான் எழுத்தில் எதுவும் இல்லாமல் 60,000 கொடுத்தேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க 15,000, குழாய் மாற்ற 4,000, "பொதுச் செலவு" 3,000 என்று பிடித்துக்கொண்டார்கள். குழாய் நான் வாங்கிப் போட்டது.

பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்த பிறகு அந்தப் பக்கம் மலிவாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜூலையில் வெளியூர்ப் பஸ்கள் அங்கே போனதிலிருந்து எங்கள் தெரு வீட்டுக்காரர்கள் பேசுகிற தோரணையே மாறிவிட்டது. தெரு மட்டும் அதே மண் தெருதான்.

வாடகைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. தென்னூர்த் தம்பிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எங்களிடமும் வீட்டுக்காரர் பெயர், ஊர், "நீங்கள் யார்" எல்லாம் கேட்டார். பதில் சொன்னோம், சாவி கிடைத்தது. அதை ஒரு கேள்வியாகவே நான் அப்போது நினைக்கவில்லை.

காட்டூரில் இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்தோம். ஒன்றில் தனி மீட்டர் இருக்கிறது. சோப்பு நுரைக்கவில்லை. இன்னொன்றில் நுரைத்தது, வாடகை 11,000. கணவர் இரண்டாவது என்கிறார், மகள் பள்ளிக்கூடம் மாற மாட்டேன் என்று அழுகிறாள்.

கோரையாற்றங்கரை ஐயா எழுதியதை நேற்றிரவு மாமியாருக்குப் படித்துக்காட்டினேன். காலையில் அவரைக் காணவில்லை. தேடினால் கீழே வீட்டுக்காரர் வாசலில் குனிந்து சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை புதுப் பூச்சு, அதற்கு மேல் பழைய மஞ்சள். இத்தனை மாதமாகத் தினமும் அந்தச் சுவரில் சாய்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறோம். வீட்டுக்காரரைக் கேட்டேன், "கரையான் அம்மா, வேறொன்றும் இல்லை" என்றார். மாமியார் ஒன்றும் பேசாமல் மேலே வந்து, பரணில் இருந்த மகளின் சான்றிதழ்க் கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி எதிர் வீட்டுப் படிகளை எண்ணினார். நான்கு.