புதுப்பிப்பு: கோலாலம்பூர் ஹோட்டல் லவுஞ்ச் திறந்திருந்ததா?

அம்மாவோடு கோலாலம்பூரில் தங்க, கூடுதல் பணம் கட்டி லவுஞ்ச் (காலை உணவும் மாலைச் சிற்றுண்டியும் தரும் தனிக் கூடம்) வசதியுள்ள அறை எடுத்திருக்கிறேன், அது திறந்திருக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். மூடியிருந்தது.

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே பிளைவுட் தடுப்பு, புதுப் பெயின்ட் வாடை. சீரமைப்பு நடப்பதாக முன்பதிவின்போது ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலை உணவைக் கீழே உணவகத்தில் கொடுத்தார்கள். மாலைச் சிற்றுண்டிக்கு மாற்று எதுவும் இல்லை. கட்டண வித்தியாசத்தைக் கூட நான் கேட்ட பிறகுதான் திருப்பித் தந்தார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் அட்டையை நம்பிப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். மாரியட்டில் பிளாட்டினம் நிலைக்கு (ஆண்டுக்கு 50 இரவுகள் தங்கினால் கிடைப்பது) லவுஞ்ச் உண்டு, ஆனால் அதே குழுமத்தின் ரிட்ஸ் கார்ல்டனில் அது செல்லாது. ஹில்டனில் டைமண்ட் நிலைக்கு உண்டு, அதற்குக் கீழுள்ள கோல்டுக்கு இல்லை. ஐஎச்ஜியில் (இன்டர்கான்டினென்டல், ஹாலிடே இன் ஹோட்டல்களின் குழுமம்) டைமண்டாக இருந்தால் மட்டும் போதாது. 40 இரவுகள் தங்கியதும் கிடைக்கும் வெகுமதிகளில் லவுஞ்சை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அம்மா அறை ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தார்.